தெலுக் கெமாங் தொகுதியும் தோட்டத்து வாக்கும்

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டத் தமிழருக்கென மலேசிய நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கை உண்டு என்ற எண்ணம் 1974ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை, இடைமுறிவின்றி நிலவியது. போர்ட்டிக்சன் கடற்கரையையும் அதன் உட்புறத்திலுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களையும் உள்ளடக்கிய தெலுக் கெமாங் தொகுதிதான் அந்த இருக்கை. கே. பத்மநாபன், பேராசிரியர் டி. மாரிமுத்து, எஸ். ஏ. அன்பழகன், எஸ். சோதிநாதன் ஆகிய நால்வர் அடுத்தடுத்து அதில் அமர்ந்தனர். நால்வரும் மலேசிய இந்தியக் காங்கிரஸ் என்னும் ம.இ.கா.வைச் சேர்ந்தவர்கள். இந்தியரின் தொகுதி என்று பேச்சுவழக்கில் சொல்லப்பட்ட இதில் இந்திய வாக்காளர் எக்காலத்திலும் பெரும்பான்மையாக இருந்ததில்லை என்பதுதான் இந்த நால்வரின், குறிப்பாகக் கடைசியாக வந்த சோதிநாதனின் அரசியல் வாழ்வையும் தேர்தல் களங்களையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல். இந்தியரின் பேராளர் எனப்பட்டவரைத் தேர்ந்தெடுத்தவர்களுள் பெரும்பகுதியினர் இந்தியர் அல்லர். அவருக்குத் தொகுதியைக் கொடுத்தவர்களோ வாக்காளரே அல்லர்.

இதே மாநிலத்தின் வடபகுதியில், சிரம்பானிலிருந்து செமினி, காஜாங் நோக்கிச் செல்லும் பழைய சாலையில் அமைந்த மந்தின் பட்டணம் இந்தத் தொகுதிக்குள் வரவில்லை. ஹக்கா சீனர் ஈயம் தோண்டியதால் உருவாகி, பின்னர் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் எழுந்ததால் தமிழர் குடியேறிய சிற்றூர் அது. இன்று அவ்வட்டாரம் சிரம்பான் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. மந்தின், லாபு, நீலாய் பகுதிகளின் தோட்ட மக்கள் தங்கள் வாக்கை ஓரிடத்தில் செலுத்திவிட்டு, தங்கள் சமூகத்துக்கான நாடாளுமன்ற உறுப்பினரை வேறிடத்தில் தேடும் நிலையிலிருந்தனர். ஒரே மாநிலத்தில், ஒரே வகை லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில் வாழ்ந்து, ஒரே வேலையைச் செய்த மக்களைத் தொகுதி எல்லைக்கோடு இவ்வாறு இரண்டாகப் பிரித்திருந்தது.

தோட்டங்கள் இங்கு அமைந்த வரலாறு பழையது. சுங்கை ஊஜோங் இரயில்பாதை 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்தது. அதன் இருபுறமும் முதலில் காப்பித் தோட்டங்களும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் இடத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பரவின. லின்சம், சுவா பெத்தோங், அத்தெர்ட்டன், பிராட்வால், செயிண்ட் லியோனார்ட், கெர்பி எனத் தோட்டங்களின் பெயர்கள் பெரும்பாலும் துரைமார் நாட்டிலிருந்து வந்தன. அப்பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிலைத்திருக்கின்றன. கங்காணி முறையில், அதாவது தொழிலாளியாக முன்பே வந்து மேலாளாக உயர்ந்தவர் தம் ஊருக்குத் திரும்பிச் சென்று உற்றார் உறவினரைத் திரட்டிக்கொண்டு வரும் முறையில், தமிழகத்தின் வட, மத்திய மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்தன. துரை, கிராணி, கங்காணி, பால்வெட்டுத் தொழிலாளி என்ற படிநிலைதான் அவர்கள் அறிந்த ஆட்சி. கோவில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகிய நான்கும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. அந்த எல்லைக்கு அப்பால் ஓர் அரசு இருப்பதை அவர்கள் நெடுங்காலம் உணரவேண்டிய தேவையே எழவில்லை.

வாக்குரிமை இவர்களுக்குத் தாமதமாகவே கிடைத்தது. மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955ஆம் ஆண்டு சூலை 27இல் நடந்தபோது பதிவுபெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர், 11 விழுக்காட்டினர் சீனர். இந்தியரும் ஏனையோரும் சேர்ந்தே ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை. குடியுரிமை விதிகள் 1957 விடுதலையின்போது தளர்த்தப்பட்ட பின்னும், எழுதப்படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளருள் பலர் உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாள அட்டையுடனேயே நின்றுவிட்டனர். நாட்டில் தங்கலாம், வாக்களிக்க இயலாது என்பதே அந்தச் சிவப்பு அட்டையின் பொருள். நீல அட்டைதான் குடிமகனுடையது. இதன் விலை 1969இல் தெரிந்தது. குடிமகன் அல்லாதார் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு பெறவேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், ஏறத்தாழ 60 ஆயிரம் இந்தியர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கிய துண்டாடலும், அதாவது ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்றுவிட்டுச் செல்வதும், இதே காலகட்டத்தில் தொழிலாளரை அலைக்கழித்தது. அதற்கு மாற்றாகவே அப்போதைய ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்.

தொழிற்சங்கமே இம்மாநிலத்தில் கட்சி அரசியலுக்கு முன்னோடியாக இருந்தது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராகி, 1996இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1962இல் மக்சேசே விருதும் பெற்றார். கூலி உயர்வுக்குச் சங்கம், வாக்குக்குக் கட்சி என்ற பங்கீடு தோட்டங்களில் மெல்ல வேரூன்றியது. தொழிலாளியின் அன்றாட வாழ்வுக்குச் சங்கமே நெருக்கமானது. எனினும் நாடாளுமன்ற இருக்கை கட்சியின் கையில்தான் இருந்தது.

அந்த இருக்கை கிடைத்த விதத்தைப் பார்க்கவேண்டும். 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு பழைய ஆளும் கூட்டணி விரிவாக்கப்பட்டுத் தேசிய முன்னணியாக மாறி, 1974 ஆகஸ்டில் முதன்முறையாகத் தராசு சின்னத்தில் தேர்தலைச் சந்தித்தது. அதன் உள்விதி எளிது. மலாய்க்காரரின் அம்னோ, சீனரின் ம.சீ.ச., இந்தியரின் ம.இ.கா. உள்ளிட்ட உறுப்புக் கட்சிகளுக்குத் தொகுதிகள் முன்கூட்டியே பங்கிடப்படும். ஒரு கட்சிக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் மற்றக் கட்சிகள் போட்டியிடாமல், தம் ஆதரவாளரை அக்கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிக்கச் செய்யவேண்டும். தீபகற்ப மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லாததால், ம.இ.கா.வுக்கு இந்த ஏற்பாட்டைவிட்டால் வேறு வழியில்லை. இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே தோட்டத் தமிழர் சில மாவட்டங்களில் செறிந்து வாழ்ந்ததால் 1947இல் தம் வாக்குகளாலேயே தம்மவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அந்தச் செறிவைக் கண்டு அஞ்சியே அவர்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அது ஒரு பகுதியினருக்கு மீண்ட பின், 1977இல் மூன்று உறுப்பினர்கள் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தம் மக்களின் வாக்கைக் கொண்டே வென்றார். மலேசியத் தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை பறிபோகவில்லை. ஆனால் அவர்கள் பரந்து சிதறிக் கிடந்ததால் அந்த வாக்கு எந்த ஓரிடத்திலும் தனித்து நின்று வெல்லும் அளவுக்குத் திரளவில்லை. தொண்டமானால் ஆட்சியோடு பேரம் பேச முடிந்தது. தெலுக் கெமாங் உறுப்பினர்களோ பேரத்தின் விளைவாகவே அப்பதவிக்கு வந்தவர்கள்.

முதலில் வந்த பத்மநாபன் 1974 முதல் 1990 வரை நான்கு பொதுத்தேர்தல்களில் வென்று, தொழிலாளர் அமைச்சிலும் சுகாதார அமைச்சிலும் துணை அமைச்சராகப் பணியாற்றினார். தொழிலாளர் துணை அமைச்சரின் தொகுதியிலேயே தோட்டத் தொழிலாளர் நிறைந்திருந்தது பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றினாலும், முழு அமைச்சர் பதவி ம.இ.கா.வுக்குப் பொதுவாக ஒன்றே ஒதுக்கப்பட்டு அது கட்சித் தலைவருக்கே சென்றதால், எத்துணை திறமை இருப்பினும் தெலுக் கெமாங் உறுப்பினர் துணைப்பதவிக்கு மேல் உயர முடியவில்லை. அவருக்குப் பின் 1990இல் வந்த மாரிமுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவரின் கல்விப் பின்னடைவு குறித்த ஆய்வுகளால் அறியப்பட்டவர். தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய ஒருவர் தோட்டத்தாரிடமே வாக்குக் கேட்டு நின்ற அரிய வாய்ப்பு அது. 1999 வரை அவர் இருக்கையில் இருந்தார்.

இக்காலத்துத் தேர்தல் களம் தோட்டத்தின் நாள்முறைக்கு ஏற்ப அமைந்தது. பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடுமாதலால், வேட்பாளர் லயங்களுக்கு வரும் நேரம் மாலைதான். கோவில் முன்றிலிலோ ஆயாக்கொட்டகையிலோ கூட்டம் நடக்கும்; கட்சிக் கிளைத்தலைவரே வரவேற்பாளர், அவரே பல தோட்டங்களில் கோவில் தலைவர், சிலவற்றில் தொழிற்சங்கச் செயலவை உறுப்பினரும்கூட. கூட்டத்துக்கு மலாய்மொழியில் வழங்கும் செராமா என்ற பெயரே தமிழிலும் நிலைத்துவிட்டது. தேர்தல் பணிக்கென ஒவ்வொரு தோட்டத்திலும் திறக்கப்படும் கூடாரம் நடவடிக்கை அறை எனப்பட்டது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதும், வாக்களிப்பு நாளன்று முதியோரை வாகனத்தில் ஏற்றிச் செல்வதும் அங்கிருந்தே நடக்கும். பேசப்படுபவை ஏறத்தாழ மாறாதவை: தமிழ்ப்பள்ளிக் கட்டடம், கோவில் நிலம், குடிநீர்க் குழாய், மின்சாரம், சொந்த வீட்டுத்திட்டம், மாதச் சம்பளம். தோட்டம் தனியார் நிலமாதலால் அங்கே சாலையும் குழாயும் அமைப்பது அரசின் கடமையன்று, நிறுவனத்தின் கடமை என்ற வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தோட்டத்துக்குச் செய்யக்கூடியது சட்டம் இயற்றுவதைவிட மானியம் பெற்றுத்தருவதாகவே சுருங்கிப்போனது. நாடாளுமன்ற மேலவை, கீழவை, குழுநிலை விவாதம் என்பனவெல்லாம் லயத்துக்கு எட்டாதவை. கோவிலுக்கு வந்த காசோலைதான் எட்டியது. இதற்காகத் தோட்ட மக்களைக் குறைகூறுவது நியாயமாகாது; அவர்களுக்குக் காட்டப்பட்ட அரசியல் அவ்வளவே.

தோட்டக் கூட்டங்கள் எவ்வளவு களைகட்டினாலும் தொகுதியின் முடிவு அங்கே தீர்மானிக்கப்படவில்லை. போர்ட்டிக்சன் இராணுவ முகாம்கள் நிறைந்த ஊராதலால், பணியிலுள்ள படையினர் வாக்குச்சாவடிக்கு வராமல் முன்கூட்டியே செலுத்தும் அஞ்சல் வாக்குகள் இத்தொகுதியில் கணிசமாக இருந்தன. கம்பத்து மலாய்க்காரரின் வாக்கை அம்னோ கிளைகள் தராசுக்குத் திரட்டித் தந்தன. லுக்குட், போர்ட்டிக்சன் கடைத்தெருக்களின் சீன வாக்கு தேர்தலுக்குத் தேர்தல் சாய்ந்தாடியது. பிற்காலக் கணக்கின்படி இந்திய வாக்காளர் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர். மலாய் வாக்காளர் 43, சீனர் 33 விழுக்காட்டினர்.

இந்த ஏற்பாடு முதன்முதலில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். 1999 நவம்பர் 29 பொதுத்தேர்தலில் வென்ற அன்பழகன் சில மாதங்களிலேயே காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. துணைப் பிரதமர் பதவியிலிருந்து 1998இல் நீக்கப்பட்ட அன்வார் இப்ராஹிம் அப்போது சிறையில் இருந்தார். அவர் பெயரால் எழுந்த சீர்திருத்த இயக்கம் மலாய் வாக்கைப் பிளந்திருந்தது. அவ்வியக்கத்தின் கட்சியான கெஅடிலான் ருஸ்லான் காசிமைக் களமிறக்க, ம.இ.கா. சோதிநாதனை நிறுத்தியது. இதுவரை ஐயத்துக்கிடமின்றி வந்துகொண்டிருந்த மலாய் வாக்கே இப்போது பிளவுபட்டிருந்ததால், இந்திய வாக்கின் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. 2000 சூன் 10 அன்று சோதிநாதன் வென்றார்; ஆனால் முந்தைய தேர்தலில் இருந்த வாக்கு வேறுபாடு குறைந்துவிட்டது. மலாய்க்காரர் ஐயுறும்போது இந்தியர் தராசைத் தாங்கினர் என்பது அந்த முடிவிலிருந்து அரசியல் நோக்கர் பெற்ற பாடம். தாங்கியதற்கான கைம்மாறு என்ன என்ற கேள்வியும் அதே வேளையில் எழுந்தது.

2004இல் தேசிய முன்னணி 219 இடங்களில் 198ஐக் கைப்பற்றியபோது ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றது. சோதிநாதனும் இருக்கையைக் காத்துக்கொண்டு, இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சின் துணை அமைச்சரானார். துணை அமைச்சர் என்பது அமைச்சருக்கு அடுத்த படியில், அவையில் அமைச்சின் சார்பாகப் பதில் சொல்லும் பதவி. அரசில் பங்குபெறுபவர் எவரும் அரசின் முடிவை வெளியில் எதிர்க்கலாகாது என்ற கூட்டுப்பொறுப்பு மரபு அவரையும் கட்டுப்படுத்தியது. 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உக்ரைன் நாட்டின் கிரிமிய அரசு மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்துக்கு அளித்திருந்த ஏற்பை மலேசியா திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்கள், அவர்களுள் இந்தியர் பலர், குறைந்த செலவில் படிக்கச் சென்ற கல்விக்கூடம் அது. வீட்டை அடகு வைத்தும் சேமநிதியை எடுத்தும் பிள்ளைகளை அனுப்புவது இத்தகைய பெற்றோரிடையே புதிதன்று. எதிர்க்கட்சியினர் இதனை மக்களவையில் எழுப்பியபோது, சுகாதார அமைச்சின் சார்பில் அளிக்கப்பட்ட விளக்கத்தை ஏற்காமல் சோதிநாதன் எழுந்து அம்முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார். அரசின் இருக்கையில் அமர்ந்தவரே அரசைக் கேள்வி கேட்டதால் பிரதமர் அப்துல்லா படாவி அவரை மூன்று மாதம் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்.

அவருடைய நாடாளுமன்ற வாழ்வில் இதுவே மிகவும் பேசப்பட்ட நிகழ்வு. பேசப்பட வேண்டியதும் இதுவே. கூட்டுப்பொறுப்பு மரபின்படி இடைநீக்கம் முறையானது என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒரு சமூகத்தின் பேராளர் அனைவரும் ஆளும் கூட்டணிக்குள்ளேயே இருக்க, அவர்களுள் முன்னணியினர் அனைவரும் பதவிப்பொறுப்பிலும் இருந்தால், அச்சமூகத்தின் குறையை அவையில் எழுப்ப எவர் எஞ்சுவர் என்பதற்கு அந்த மரபில் விடையில்லை. பதவி இல்லாவிட்டால் மானியம் வராது. பதவி இருந்தால் பேச இயலாது. தெலுக் கெமாங் இருக்கையின் உள்முரண் முப்பது ஆண்டுகளாக மறைந்திருந்து அந்த ஒரு நாளில் வெளிப்பட்டது. இடைநீக்கக் காலம் முடிந்ததும் அவர் பொறுப்புக்குத் திரும்பினார்.

இதற்கிடையே இருக்கையின் அடித்தளமே கரைந்துகொண்டிருந்தது. 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலைப்பொழுதில் குத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் மலேசிய அரசுசார் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தன. இம்மாநிலத்துத் தோட்டங்கள் பலவற்றின் உடைமை அதனால் மாறியது. உடைமை மாறியதால் தொழிலாளியின் நிலை உடனே மாறிவிடவில்லை. ஆனால் ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீட்டுமனையாகவும் மாறியபோது அவனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நீலாய், செண்டாயான் பகுதிகளில் புதுநகரங்கள் எழுந்தன. 1998இல் அண்டைய சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டதும் நிலத்தின் விலை ஏறியது. செம்பனைக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். லயங்கள் காலியாகி, மந்தின், நீலாய், சிரம்பான் புறநகர்களின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. தோட்டக் கிளையும் கோவில் முன்றில் கூட்டமும் கொண்டு வாக்குத் திரட்டிய கட்சிக்கு, தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கும் இளைஞனை எங்கே சந்திப்பது என்று தெரியவில்லை. இந்து உரிமைப் பணிப்படை எனப்படும் இண்ட்ராப் 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் பல்லாயிரவரைத் தெருவில் திரட்டியது. அங்கு திரண்டவருள் தோட்டங்களிலிருந்து பெயர்ந்தோரும் அவர்களின் பிள்ளைகளும் பெருமளவில் இருந்தனர்.

2008 மார்ச் 8 தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது தொகுதிகளில் மூன்றில் மட்டுமே வென்றது. 1979 முதல் கட்சித் தலைவராயிருந்த ச. சாமிவேலு சுங்கை சிப்புட்டிலும், சோதிநாதன் தெலுக் கெமாங்கிலும் தோற்றனர். கெஅடிலானின் கமாருல் பஹாரின் அப்பாஸ் அங்கே வெற்றிபெற்றார். எட்டாண்டுகளுக்கு முன் தராசைத் தாங்கிய இந்திய வாக்கில் பெரும்பங்கு இம்முறை எதிர்ப்பக்கம் சென்றது. அதே நாளில் மந்தினை உள்ளடக்கிய சிரம்பான் தொகுதி, இந்திய வம்சாவளியினரான ஜான் பெர்னாண்டஸை ஜனநாயகச் செயல் கட்சியின் சார்பில் தேர்ந்தெடுத்தது. இந்தியருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையில் இந்தியர் தோற்க, இந்தியருக்கு ஒதுக்கப்படாத அண்டைத் தொகுதியில் இந்தியர் வென்ற அத்தேர்தல், சமூகப் பிரதிநிதித்துவத்துக்குத் தொகுதி ஒதுக்கீடு ஒன்றே வழி என்ற நீண்டகால நம்பிக்கையைத் தகர்த்தது. சோதிநாதன் 2009இல் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு ஜி. பழனிவேலையும் எஸ். சுப்பிரமணியத்தையும் எதிர்த்து மும்முனைப் போட்டியில் நின்று வெற்றி காணவில்லை.

இருக்கையின் பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 2018இல் போர்ட்டிக்சன் என்று பெயர் மாற்றப்பட்ட அத்தொகுதியில் வென்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டான்யல் பாலகோபால் அப்துல்லா, சிறையிலிருந்து விடுதலையான அன்வாருக்காகப் பதவி விலகினார். அக்டோபர் 13 இடைத்தேர்தலில் தேசிய முன்னணி போட்டியிடாமல் விலகிக்கொள்ள, அன்வார் 31,016 வாக்குகள் பெற்று வென்றார். 2022இல் அவர் தம்புன் தொகுதிக்குச் சென்றதும், மந்திரி புசார் எனப்படும் மாநில முதலமைச்சர் அமினுடின் ஹாருன் அங்கே நின்று, ம.இ.கா.வின் பி. கமலநாதனைத் தோற்கடித்தார். 2023 ஆகஸ்டில் நடந்த நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தேர்தலில் ம.இ.கா. ஒரு தொகுதியிலும் போட்டியிடவில்லை. மந்தினை அடுத்த நீலாய்ச் சட்டமன்றத் தொகுதியிலோ, ஒதுக்கீடு எதுவுமின்றிப் பல்லின வாக்காளரிடம் வாக்குக் கேட்ட ஜனநாயகச் செயல் கட்சியின் ஜெ. அருள்குமார், 2013இல் வென்ற தம் இடத்தை அத்தேர்தலிலும் தக்கவைத்துக்கொண்டார்.